பெரிய மாப்பிள்ளையின் பல்

இந்த விரலைப் பாருங்க சார். நகத்துக்குக் கீழே வளைவா ஒரு தழும்பு தெரியுதா? நாய் கடிச்சதுன்னு நினைக்காதீங்க. என் சகலை கடிச்சது. எம் பொண்டாட்டியோட அக்கா வீட்டுக்காரர். அந்தா, டிரைவருக்குப் பின்னால, ஜன்னலோரம் மாஸ்க் போட்டுட்டுத் தூங்குறாரே, அவரேதான். சேர்ந்து உட்கார இடம் கிடைக்கலை, அதான் நான் உங்க பக்கத்துல வந்து விழுந்தேன். தென்காசியில ஏறினதுல இருந்து இவன் ஏன் தனியா சிரிச்சுக்கிட்டு வர்றான்னு நீங்க ஓரக்கண்ணால பாக்கிறது எனக்குத் தெரியுது. நான் சும்மாவே அதிகம் பேசாத ஆள். ஆனா இன்னிக்குச் சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சிரும். மெல்லச் சொல்றேன். அவர் காதுல விழக்கூடாது.

அவர் பேரு ஆவுடையப்பன். தென்காசியில பெரிய ஜவுளிக்கடை ஒண்ணுல சேலை செக்‌ஷனுக்கு மேற்பார்வை. நான் குத்தாலிங்கம், இன்சூரன்ஸ் ஏஜென்ட். எங்க மாமனாருக்கு ரெண்டும் பொண்ணு. மூத்தது பூரணம், எனக்கு மதினி. இளையது உலகம்மாள், எனக்கு வாய்ச்சவ. அவர் பெரிய மாப்பிள்ளை, நான் சின்ன மாப்பிள்ளை. அதுவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை எங்கே வந்துச்சுன்னா, அவர் பல்லுல.

அப்படி ஒரு பல்லு சார். வெள்ளை வெளேர்னு, ஒரு கோணல் கிடையாது, ஒரு சந்து கிடையாது. கடையில சேலையை விரிச்சுப் போட்டுட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார். பாக்க மட்டும் வந்த பொம்பளைங்க ரெண்டு சேலை எடுத்துட்டுப் போவாங்க. எம் பல்லைத்தான் நீங்களே பாக்கீங்களே. நான் பெண் பாக்கப் போன அன்னிக்கே மாமனார் என்னைச் சிரிக்கச் சொல்லிப் பாத்துட்டு, பெரிய மாப்பிள்ளை பக்கம் திரும்பி ஒரு பெருமூச்சு விட்டார். அதுல இருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் போட்டோவுல அவரை நடுவுல நிறுத்துவார், என்னை ஓரத்துல நிறுத்தி வாயை மூடிக்கச் சொல்வார். எம் பிள்ளைக்குப் பல்லு முளைச்சப்போகூட, பெரியப்பா மாதிரி வரணும்னு சாமி கும்பிட்டாங்க சார் அந்த வீட்டுல. எத்தனை வருசமா இதைப் பொறுத்துக்கிட்டு இருந்திருப்பேன்னு நினைக்கீங்க.

போன ஐப்பசியில ஒரு நாள் கடையில நின்னுட்டு இருந்தவருக்குக் கால் மரத்துப் போச்சு. மறுநாள் கை தூக்க முடியலை. அதுக்கு அடுத்த நாள் மூச்சு முட்டுது. திருநெல்வேலிக்குக் கொண்டு போய் ஐசியூவுல போட்டோம். நரம்புல வர்ற நோவு, கில்லன்னு ஆரம்பிச்சு ஏதோ ஒரு பேரு சொன்னாங்க, எனக்கு வாயில நுழையலை. மூளை தெளிவா இருக்கும், காது கேக்கும், ஆனா உடம்பு ஒண்ணும் அசையாது. மூச்சு இழுக்கிற தசையும் படுத்துப் போச்சு. வாய் வழியா குழாய் போட்டு மெஷின்ல விட்டுட்டாங்க. திரும்பி வரும், ஆனா மெல்லத்தான் வரும், அதுவரைக்கும் வேற எதுவும் தொத்தாமப் பாத்துக்கணும்னு டாக்டர் சொன்னார்.

மதினி டாக்டர் ரூமுல நிக்காங்க. ஐசியூ கதவைத் திறந்து ஒரு சிஸ்டர், ஆவுடையப்பன் அட்டெண்டர் யாருன்னு கேட்டாங்க. நான் போனேன். அவங்க பேரு ஜெனோபா, நாகர்கோவில் பக்கம். மோதிரம், அரைஞாண் கொடி, வாட்ச் எல்லாம் ஒரு கவர்ல போட்டுக் கொடுத்தாங்க. அதுக்கு மேல ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தை வச்சாங்க. இதைத் தொலைச்சிராதீங்க, தண்ணி ஊத்தி வைங்கன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க.

திறந்து பாத்தேன் சார்.

பல்லு. மேல்வரிசை முன்பல்லு அத்தனையும், ரோஸ் கலர் தகட்டுல, ரெண்டு பக்கமும் கொக்கிக் கம்பியோட, என்னைப் பாத்துச் சிரிக்குது.

மனுசன் உள்ளே உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கார், அது எனக்குத் தெரியும், பயமும் இருக்கு. ஆனா இந்தச் சிரிப்பு இருக்கு பாருங்க, அதுக்கு நேரங்காலம் தெரியாது. மாடிப்படிக்கு ஓடிட்டேன். துண்டை வாயில அடைச்சுக்கிட்டு, சுவரைப் பாத்து நின்னு, உடம்பெல்லாம் குலுங்குது. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எந்திரிச்சு வந்து என் முதுகைத் தடவி, அழாதீங்க, எல்லாம் நல்லபடியா ஆகும்னு சொல்றாங்க. நான் ஆமாம்மா ஆமாம்மான்னு சொல்லிச் சொல்லி இன்னும் குலுங்குறேன். கொஞ்ச நேரத்துல பாத்தா நெசமாவே அழுதுக்கிட்டு இருக்கேன். எது எங்கே மாறுச்சுன்னு எனக்கே தெரியலை.

அப்புறம் ஒவ்வொண்ணா விளங்குது. தீபாவளிக்கு முறுக்குத் தட்டு வந்தா அவர் எடுத்துப் பிள்ளைங்க கையில கொடுத்திருவார். கரும்பு கடிக்க மாட்டார். மதினி அவருக்கு மட்டும் சீடையைப் பால்ல ஊறப்போட்டுக் கொடுப்பாங்க. பெரிய மாப்பிள்ளைன்னா என்னா உபசாரம்னு நான் வயிறு எரிஞ்சிருக்கேன். அவங்களுக்கு என்ன தெரியும், புருசனுக்கு அப்படித்தான் பிடிக்கும்னு செஞ்சிருக்காங்க. இத்தனை வருசம் ஒரே வீட்டுல குடும்பம் நடத்தி, கட்டின பொண்டாட்டிக்கே தெரியாம ஒரு மனுசன் இதைக் காப்பாத்தியிருக்கார்னா அது சாதாரணக் காரியமா?

அப்பவே முடிவு பண்ணிட்டேன். இது மதினிக்குத் தெரியக்கூடாது, எம் பொண்டாட்டிக்கும் தெரியக்கூடாது, முக்கியமா மாமனாருக்குத் தெரியவே கூடாது. ஏன்னு கேக்கீங்களா? இது எங்கிட்ட மட்டும் இருக்கணும் சார். இத்தனை வருசத்துக்கு எனக்குன்னு கிடைச்ச ஒரே சொத்து.

சட்டைப் பையில கிண்ணத்தை வச்சுக்கிட்டு, தண்ணி சிந்துமோன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டே நடந்தேன். மதினி பாத்துட்டு, சட்டை நனைஞ்சிருக்கேன்னாங்க. வேர்வைன்னேன். மறுநாள் வீட்டுல இருந்து வரும்போது ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா கொண்டு வந்து கொடுத்தாங்க. இதுக்கு மூடி இறுக்கமா இருக்கும், தலைகீழாப் பிடிச்சாலும் சிந்தாது, எதையாவது போட்டு வச்சுக்கோங்கன்னாங்க. எப்படி அமைஞ்சுது பாருங்க. கடவுள் நம்ம பக்கம்தான் இருந்திருக்கார்.

ஆனா அடுத்த ஆபத்து உடனே வந்துச்சு. பாக்கிற நேரத்துக்கு ஒரு ஆளைத்தான் உள்ளே விடுவாங்க. மதினி போய், அந்த நேரம் பாத்து சிஸ்டர் அவர் வாயைத் திறந்தாங்கன்னா? ஓட்டை தெரிஞ்சிருமே. நான் போறேன் மதினின்னு முந்திக்கிட்டுப் போனேன். நான் போன நேரம் சிஸ்டர் ஜெனோபா அவர் வாயைத்தான் சுத்தம் பண்ணிட்டு இருந்தாங்க. தலைமாட்டை உசத்தி வச்சு, ஒரு குழாயால எச்சிலை உறிஞ்சி எடுத்துட்டு, பச்சப்பிள்ளைக்கு வாங்குற மாதிரி ஒரு மெத்து பிரஷ்ஷால ஒவ்வொரு பல்லா, ஈறு, கன்னத்து உள்பக்கம், நாக்குன்னு துடைக்காங்க. பேசாத வாய்க்கு இவ்வளவு வேலையான்னு கேட்டேன். அவங்க பிரஷ்ஷை நிறுத்தலை.

“பேசாத வாய்தான் சார் சீக்கிரம் கெடும். நாம எச்சிலை முழுங்குறோம், தண்ணி குடிக்கோம், இவருக்கு ஒண்ணும் கிடையாது. இங்கே சேர்ற அழுக்கு அப்படியே வழிஞ்சு நுரையீரலுக்குப் போச்சுன்னா, அந்தக் காய்ச்சல்ல இருந்து இவரை மீட்கிறது கஷ்டம்.”

எனக்குச் சிரிப்பெல்லாம் போயிருச்சு. அன்னிக்குத்தான் அவர் வாயை ஒழுங்காப் பாத்தேன். உதடு வெடிச்சுப் போய், முன்பக்கம் ஈறு மட்டும் மழமழன்னு, பச்சப்பிள்ளை வாய் மாதிரி இருந்துச்சு. கண்ணைத் திறந்து என்னைப் பாக்கார். நான் பாத்துட்டேங்கிறது அவருக்குத் தெரிஞ்சு போச்சு. வேற எதையும் அசைக்க முடியாத மனுசன் சார், கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கிட்டார். ஓரத்துல தண்ணி இறங்குது. நான் குனிஞ்சு, “அண்ணாச்சி, எங்கிட்ட இருக்கு, பத்திரமா இருக்கு, ஒருத்தருக்கும் தெரியாது”ன்னேன். கண்ணைத் திறந்து ரொம்ப நேரம் என்னையே பாத்தார்.

வாய்க்குழாய் ரொம்ப நாள் இருக்கக் கூடாதுன்னு தொண்டையில துளை போட்டு அது வழியா மெஷினை மாட்டினாங்க. பக்கத்துலேயே ஒரு தனி அறைக்கு மாத்தினாங்க. வீட்டு ஆள் ஒருத்தர் வாய் சுத்தம் பண்ணக் கத்துக்கிட்டா நல்லதுன்னு சிஸ்டர் சொன்னாங்க, பின்னால வீட்டுக்குப் போனாலும் உதவும்னு. முறைப்படி பாத்தா மதினிதான் கத்துக்கிடணும். என்ன சொல்லித் தடுக்கன்னு யோசிக்கிறதுக்குள்ள மதினியே முந்திக்கிட்டாங்க. “எனக்குக் கை நடுங்கும் சிஸ்டர், சின்னவரே செய்யட்டும்”னுட்டாங்க. ஊரெல்லாம் ரவிக்கை தைச்சுக் கொடுக்கிற கை சார் அது. இருட்டுல ஊசிக்கு நூல் கோக்கும். ஆனாலும் புருசன்னு வரும்போது பயம் வரத்தானே செய்யும், பாவம். அவர் வாயைச் சுத்தம் பண்ணுற நேரம் வந்தா, மருந்துக் கடைக்குப் போறேன், தண்ணி பிடிக்கப் போறேன்னு எதையாவது சொல்லிட்டு வெளியே போயிருவாங்க. ஒரு தடவைகூட எட்டிப் பாக்கலை. என் அதிர்ஷ்டம்.

சிஸ்டர் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. கையைக் கழுவு, உறை போடு, முதல்ல உறிஞ்சு, அப்புறம் தேய், திரும்ப உறிஞ்சு, மருந்துத் துணியால துடை, கடைசியில உதட்டுக்குக் களிம்பு. ஒரே ஒரு விஷயம் மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாங்க, பல்லுக்கு நடுவுல விரலை விடாதீங்கன்னு.

எனக்கு அந்த வேலை பிடிச்சுப் போச்சு சார். ஏன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவர் பேசுவார், சபை கேக்கும். நான் வாயைத் திறந்தா மாமனார் டிவி சத்தத்தைக் கூட்டுவார். இப்போ அவர் வாய் என் கையில. காலையில, மத்தியானம், சாயங்காலம்னு போயிருவேன். பாலிசி பிடிக்கப் போகாம பிரஷ் பிடிக்கப் போனேன். ஈறைத் துடைச்சுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். போட்டோவுல ஓரத்துல நிறுத்தினது, எம் பிள்ளை காதுகுத்துக்கு அவர் நேரம் கழிச்சு வந்தும் அவருக்குத்தான் முதல் மாலை விழுந்தது, எல்லாம். பாதி தூரம் போகும்போது அவர் கண்ணை மேலே உருட்டுவார். ஒத்துக்கிடுறார்னு அர்த்தம். அண்ணாச்சி, நாக்கை நீட்ட முடியாட்டிப் பரவாயில்லை, நானே எட்டித் துடைக்கேன்னு சொல்லிட்டு அடுத்த கதைக்குப் போயிருவேன். அவ்வளவு பொறுமையா என் பேச்சை ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை.

நடுவுல ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதை மட்டும் நான் சிரிச்சுக்கிட்டுச் சொல்ல முடியாது. உடம்பு கொதிக்குது, நெஞ்சுல கரகரன்னு சத்தம். டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு வேகமாப் போறார். மதினி வராண்டாவுல உட்கார்ந்து ஒரே இடத்தைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு என்ன செய்யன்னு தெரியலை. எனக்குத் தெரிஞ்சது ஒரே வேலை. பிரஷ்ஷை எடுத்தேன். அன்னிக்கு ஒரு கதையும் சொல்லலை. ஒவ்வொரு சந்தா, டார்ச் அடிச்சுப் பாத்துப் பாத்துத் துடைச்சேன். நாக்குல வெள்ளையா ஒரு படிவு இருந்தாலும் விடலை. சிஸ்டர் வந்து போதும் சார், ஈறு புண்ணாயிரும்னு என் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. அண்ணாச்சி, உங்க பல்லு எங்கிட்டதான் இருக்கு, வந்து வாங்கிக்கிடுங்க, நான் வச்சு என்ன செய்யன்னு அவர் காதுல சொன்னேன்.

மருந்தை மாத்தினாங்க. கொஞ்சம் கொஞ்சமாக் காய்ச்சல் இறங்குச்சு. டாக்டர் மருந்துன்னார். மதினி சங்கரன்கோவில் வேண்டுதல்னாங்க. எனக்குத் தெரியும் அது எதனாலன்னு. சொல்லிக் காட்டுறது என் வழக்கம் இல்லை.

அதுக்கு அப்புறம்தான் இந்த விரல். மத்தியான நேரம். வழக்கம்போலத் துடைச்சுக்கிட்டு இருக்கேன். கடைவாய்ப் பக்கம் மருந்துத் துணி சிக்கிக்கிச்சு. எடுக்கலாம்னு விரலை விட்டேன். அத்தனை நாளும் அசையாமக் கிடந்த தாடை சார். கடக்னு மூடுச்சு. உசுரு போற வலி. கத்துறேன், அண்ணாச்சி விடுங்க, விடுங்கங்கேன். அவர் கண்ணைப் பாத்தா விரிஞ்சு கிடக்கு. அவருக்கே ஆச்சரியம். தாடை அசையுதுன்னு அவருக்கும் அப்பத்தான் தெரியுது. விடவும் தெரியலை, விட மனசும் இல்லை. அந்தக் கண்ணுல ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. நான் வலியில கத்திக்கிட்டே சிரிக்கேன். சிஸ்டர் ஓடி வந்து தாடையை அமுக்கி விரலை எடுத்துவிட்டாங்க. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். அவங்க அவர் முகத்தைத் தடவி, இன்னொரு தடவை கடிங்க சார், பல்லை இறுக்குங்கங்காங்க. இறுக்குறார். விடுங்கங்காங்க. விடுறார். தசை திரும்புதுன்னு டாக்டருக்குப் போன் பண்ண ஓடுறாங்க.

நான் ரத்தம் சொட்டச் சொட்ட வராண்டாவுக்கு ஓடினேன். மதினி, கடிச்சிட்டார் மதினின்னு கத்துறேன். அங்கே இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாக்காங்க. மதினி என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுறாங்க. அழுதுக்கிட்டே கேக்காங்க, “கடைவாய்ப் பல்லாலதானே கடிச்சாங்க?”

ஆமான்னேன். சந்தோசத்துல ஆளுங்க என்னத்தையாவது கேப்பாங்க சார். எங்க அண்ணன் மகன் பொறந்தப்போ எங்க அண்ணன் நர்ஸ்கிட்ட இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டான்.

அதுல இருந்து நாளுக்கு நாள் தேறிட்டார். முகம் அசைஞ்சது, கழுத்து நின்னுச்சு, மெஷினைக் கழட்டினாங்க. தொண்டைக் குழாயை அடைச்சு இன்னிக்குப் பேசச் சொல்லலாம்னு டாக்டர் வந்தப்போ நாங்க எல்லாரும் சுத்தி நிக்கோம். மாமனார் பூமாலை வாங்காத குறை. பெரிய மாப்பிள்ளை முதல் வார்த்தை என்ன சொல்லப் போறார்னு எல்லாரும் பாக்காங்க. அவர் கையை லேசா அசைச்சு என்னைக் கூப்பிட்டார். மாமனார் முகத்தை நீங்க பாத்திருக்கணும். சின்ன மாப்பிள்ளையை, எல்லாருக்கும் முன்னால. நான் காதைக் கொண்டு போய் வாய்கிட்ட வச்சேன். காத்து மாதிரி ஒரு குரல்.

“எங்கே?”

நான் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன். டப்பா உள்ளே கிலுங்குச்சு. அவர் கண்ணை மூடித் திறந்தார். என்ன சொன்னார்னு மாமனார் பிடுங்குறார். எம் பொண்டாட்டியும் கிள்ளுறா. எம் பிள்ளைகளை நல்லாப் பாத்துக்கோன்னு சொன்னார்னு ஒரு போடு போட்டேன். மாமனார் அழுதுட்டார். மதினி மட்டும் சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. தோள் குலுங்குது. பாவம், அவங்களும் அழுறாங்கன்னு நான் பக்கத்துல போகலை.

வீட்டுக்கு வந்தாச்சு. கைத்தடியைப் பிடிச்சுக்கிட்டு நடக்கார். கடைக்கு அடுத்த மாசம் போகணும். சிக்கல் என்னன்னா, உடம்பு இளைச்சுட்டதுல ஈறும் சுருங்கிப் போச்சு போல, பழைய பல் செட்டு நிக்க மாட்டேங்குது. மாஸ்க்கை மாட்டிக்கிட்டே ஒப்பேத்திக்கிட்டு இருக்கார். ஆஸ்பத்திரியில மாஸ்க் போடச் சொல்லியிருக்காங்கன்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கோம். போன வாரம் மொட்டை மாடியில வச்சு எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னார். கல்யாணத்துக்கு முன்னாடி, குத்தாலத்துல குளிக்கப் போன இடத்துல பாறை வழுக்கி விழுந்து போன பல்லாம். பொண்ணு வீட்டுல தெரிஞ்சா வேண்டாம்பாங்களோன்னு மறைச்சிருக்கார். மறைச்சதைச் சொல்ல ஒரு நாள் தோதுப்படலை, அப்புறம் ஒரு நாளும் தோதுப்படலை. தென்காசியில எந்தப் பல் டாக்டர்கிட்ட போனாலும் சாயங்காலத்துக்குள்ள மாமனாருக்குச் சேதி போயிரும். அதனால சிஸ்டர் ஜெனோபாவுக்குப் போன் போட்டேன். நாகர்கோவில்ல அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பல் டாக்டர் இருக்காராம், இன்னிக்கு வரச் சொல்லியிருக்கார்.

வீட்டுல என்ன சொன்னோம் தெரியுமா? பிழைச்சு வந்ததுக்கு ரெண்டு சகலையும் சுசீந்திரம் கோயிலுக்குப் போயிட்டு வர்றோம்னு. எம் பொண்டாட்டி நம்பிட்டா. மாமனார் வழிச்செலவுக்கு வச்சுக்கோன்னு சொல்லி எங்கிட்டயே கொடுத்தார், பாத்துக்கிடுங்க. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு ஓடுற பயலுக மாதிரி, பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கலை. பாத்தா சிரிச்சிருவோம். அவர் சிரிச்சா மாஸ்க் நழுவும்.

கிளம்புறப்போ மதினி வாசல் வரைக்கும் வந்து இந்தப் பையைக் கொடுத்தாங்க. மத்தியானத்துக்கு. தயிர்சாதம், கையால நல்லாக் குழையப் பிசைஞ்சு, தொட்டுக்க ஒண்ணுமே இல்லாம. ஊறுகாகூட வைக்கலை. மேலே சின்ன டப்பாவுல கல்லுப்பு. கோயில்ல இருந்து வந்ததும் வெதுவெதுன்னு தண்ணியில போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்க, இன்னிக்கு முழுக்கச் சூடா எதுவும் குடிக்க விடாதீங்க சின்னவரேன்னாங்க. அப்புறம் புருசன் பக்கம் திரும்பி, “பயப்படாமப் போயிட்டு வாங்க”ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க.

சாமி கும்பிடப் போறவருக்கு என்ன பயம் சார்? உப்புத் தண்ணி எதுக்கு? அவருமே பஸ்ல ஏறின உடனே அதைத்தான் கேட்டார், பூரணம் ஏன் அப்படிச் சொன்னான்னு. முகமே ஒரு மாதிரி ஆயிருச்சு. நான்தான் தைரியம் சொன்னேன். அண்ணாச்சி, நிம்மதியாத் தூங்குங்க. நான் இருக்கிற வரைக்கும் மதினிக்கு ஒண்ணும் தெரியாதுன்னேன்.